பல-பல உறவுக்கு வரும் மூன்றாவது அட்டவணை: ‘பிணைப்பு அட்டவணை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

தரவுத்தளத்தில் பல-பல உறவைத் (இருபுறமும் ஒன்றுக்கு மறுபுறத்தில் பல தொடர்புகள் இருக்கும் உறவு, மெனி-டு-மெனி) தாங்கும் மூன்றாவது அட்டவணைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற இழையில் என் கருத்தைச் சொல்கிறேன். ஜங்ஷன் டேபிள், பிவட் டேபிள், பிரிட்ஜ் டேபிள் என்று ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. அவற்றில் ஒன்றைப் பிடித்து மொழிபெயர்ப்பதைவிட, அந்த அட்டவணை செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பது நல்லது.

ஒரு மின்னூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். சீவக சிந்தாமணியின் 1887 பதிப்பை அதில் ஏற்ற வேண்டும். இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியர், பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். ஒரு நூலுக்கு மூன்று பேர். மறுபக்கம், நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் உரை செய்தவர். ஐயர் பதிப்பித்தவையோ ஏராளம். நூல் அட்டவணையில் ‘ஆசிரியர்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து மூன்று பெயரையும் காற்புள்ளி போட்டு அடைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். அப்புறம் ஒரு பதிவில் ‘உ.வே.சா.’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘சாமிநாதையர்’ என்றிருக்கும். அவர் பதிப்பித்தவற்றை மட்டும் காட்டு என்று கேட்டால் செயலி கையை விரித்துவிடும். ஆசிரியர்1, ஆசிரியர்2, ஆசிரியர்3 என்று நெடுவரிசைகளைக் கூட்டுவதும் நான்காவது ஆள் வரும்வரைதான் தாங்கும்.

ஆகவே நூல்களுக்கு ஓர் அட்டவணை, நபர்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டுக்கும் நடுவே இன்னொன்று. அதன் ஒவ்வொரு வரிசையும் ‘இந்த நூலில் இந்த நபர்’ என்ற ஒரே ஒரு செய்தியைச் சொல்லும். இவர் இயற்றியவரா, உரையாசிரியரா, பதிப்பாசிரியரா என்பதை எங்கே எழுதுவது? நபரிடம் எழுத முடியாது, ஒருவரே நூலுக்கு நூல் வேறு பங்கு வகிக்கிறார். நூலிடமும் எழுத முடியாது. அந்த நடு வரிசையில்தான் எழுதியாக வேண்டும். கணினி அறிவியலாளர் பீட்டர் சென் 1976இல் முன்வைத்த, தரவுத்தளத்தை வடிவமைக்க உதவும் உருபொருள்-உறவு மாதிரியிலேயே (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) உறவுக்கும் சொந்தப் பண்புகள் உண்டு என்பது இருக்கிறது.

ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியிலும் (பிரைமரி கீ) கவனம் வேண்டும். நூல் எண், நபர் எண் இரண்டையும் சேர்த்துச் சாவியாக்குவதே வழக்கம். ஆனால் 1937இல் வந்த குறுந்தொகைப் பதிப்பில் ஐயரே பதிப்பாசிரியர், ஐயரே உரையாசிரியர். இரண்டு நெடுவரிசைச் சாவி வைத்திருந்தால் அவருடைய இரண்டாவது வரிசையைத் தரவுத்தளம் ஏற்காது. பங்கையும் சேர்த்து மூன்றாக்கினால் சரியாகும்.

இனி, இழையில் வந்த சொற்களுக்கு வருகிறேன்.

‘இணைப்பு அட்டவணை’ முதலில் மனதில் தோன்றும் சொல். சிக்கல் என்னவென்றால் இணைப்புக்கு ஏற்கெனவே சுமை அதிகம்: இணைய இணைப்பு, மின்னஞ்சல் இணைப்பு, சுட்டினால் திறக்கும் இணைப்பு. தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் அட்டவணைகளைச் சேர்த்துப் படிக்கும் ஜாயினையும் இணைப்பு என்றுதான் பலர் எழுதுகிறோம். ‘இணைப்பு அட்டவணையோடு இணைப்பு செய்க’ என்று பாடம் எழுதினால் படிக்கும் மாணவர் திணறிப்போவார். ‘நிரல்’ என்பது கணக்குப் பாடத்தில் நெடுவரிசையையும் கணினிப் பாடத்தில் புரோகிராமையும் குறித்துப் படுத்தும் பாடு போதும்.

‘உறவு அட்டவணை’யும் ஒத்துவராது. உறவுசார் தரவுத்தள மாதிரியை முன்வைத்து எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையின்படி அட்டவணை ஒவ்வொன்றுமே ஓர் உறவுதான். நூல் அட்டவணையும் அதில் அடங்கிவிடும். ‘சந்தி அட்டவணை’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, இலங்கையில் நாற்சந்தியையும் முச்சந்தியையும் அன்றாடம் சொல்கிறார்கள். ஆனால் சந்தி ஓரிடம். பல சாலைகள் அந்த ஓரிடத்தில் கூடும். நம் அட்டவணையிலோ ஒவ்வொரு வரிசையும் தனித்தனி உறவு. ‘இடையட்டவணை’ இருக்கும் இடத்தைச் சொல்கிறது, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. பிவட் என்ற பெயரை வலைச்செயலிச் சட்டகமான லாராவெல் பயன்படுத்தினாலும் விரிதாளில் அது தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை, முற்றிலும் வேறு பொருள், அதைத் தொடவே வேண்டாம்.

நான் முன்மொழிவது ‘பிணைப்பு அட்டவணை’. வேதியியலில் பள்ளியிலேயே பழகிய சொல். இரண்டு அணுக்களுக்கு இடையிலான பிணைப்புக்கு அதற்கென்று நீளமும் வலிமையும் உண்டு. அதுபோல இந்த வரிசைக்கும் அதற்கென்று பங்கு, வரிசை எண், நாள் என்று பண்புகள் உண்டு. பிணைப்பை அறுத்தால் நூலும் போகாது, நபரும் போகமாட்டார். சொல்லின் வளர்ச்சிக்கும் இடமிருக்கிறது: அட்டவணைக்குப் ‘பிணைப்பு அட்டவணை’, அதன் ஒரு வரிசைக்குப் ‘பிணைப்பு’, வினைக்குப் ‘பிணைத்தல்’. ‘பிணை’ என்றால் ஜாமீன் நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ‘பிணைப்பு’ என்ற வடிவத்தில் அந்தக் குழப்பம் எழாது என்றே நினைக்கிறேன்.

இது வகைப்பெயர் மட்டுமே. செயலிக்குள் அந்த அட்டவணைக்கு அதன் சொந்தப் பெயரையே வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் ‘பங்களிப்புகள்’. கல்லூரிச் செயலியில் மாணவருக்கும் பாடத்துக்கும் நடுவே ‘சேர்க்கைகள்’. நூல்_நபர் என்று ஒட்டிவைத்தால், பிற்பாடு பண்புகள் கூடும்போது அந்தப் பெயர் எதையும் விளக்காது.

அருஞ்சொல் பட்டியலுக்கான என் வரைவு:

பிணைப்பு அட்டவணை: இரண்டு அட்டவணைகளுக்கு இடையிலான பல-பல உறவை, வரிசைக்கு ஒரு பிணைப்பாகப் பதியும் அட்டவணை. இருபக்கத்து அயல் சாவிகளும் (மற்ற அட்டவணையின் வரிசையைச் சுட்டும் சாவிகள், ஃபாரின் கீ) இதில் இருக்கும். உறவுக்கே உரிய பண்புகளும் இருக்கலாம்.

விளக்கக் குறிப்பில் சுட்டெண் (தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்) பற்றியும் ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். நூல் எண்ணில் தொடங்கும் முதன்மைச் சாவி, ‘இந்த நூலில் யார் யார்’ என்ற கேள்விக்கு விரைவாகப் பதில் தரும். ‘இவர் பங்களித்த நூல்கள் எவை’ என்பதற்கு நபர் எண்ணில் தொடங்கும் இன்னொரு சுட்டெண் தேவை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி அயல் சாவிக்குத் தேவையான சுட்டெண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்வதில்லை, நாமேதான் சேர்க்க வேண்டும்.

மூன்று அட்டவணைகளை ஒரே வரிசையில் பிணைக்க வேண்டி வந்தாலும் (நூல், நபர், பதிப்பகம்) இதே சொல் போதுமா, தனிச்சொல் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை எழுதுங்கள். போதும் என்பது என் எண்ணம். அப்படியானால் வரைவில் ‘இரண்டு’ என்பதை ‘இரண்டு அல்லது மேற்பட்ட’ என்று திருத்தி, ‘இருபக்கத்து’ என்பதையும் மாற்றிவிடுகிறேன்.