வேக் ஐலண்ட் (1942): பார்த்தவர்கள் பகிர்வு, எது நிஜம், எது சினிமா

ஜான் ஃபாரோ இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். 1942 ஆகஸ்டில் வெளியானது. பசிபிக்கில் அமெரிக்கத் தளமாக இருந்த வேக் தீவு ஜப்பானிடம் விழுந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. கலிஃபோர்னியாவில் சால்டன் ஸீ ஏரிக்கரையைத்தான் பசிபிக் கடற்கரையாகக் காட்டியிருக்கிறார்கள். சிறந்த படம், இயக்கம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள்.

பார்க்கப் போகிறவர்கள், கப்பல்கள் கிட்டே வரும்வரை சுடாமல் காத்திருக்கும் காட்சியைக் கவனியுங்கள். 1941 டிசம்பர் 11 விடியற்காலையில் நடந்தது அதுதான். தீவில் இருந்தவை பழைய போர்க்கப்பல்களில் இருந்து கழற்றி வந்த 5 அங்குல பீரங்கிகள், மொத்தம் ஆறு. ஜப்பானியத் தலைமைக் கப்பல் யுபாரியில் 5.5 அங்குலம். தூரத்தில் இருந்தே மோதினால் அவன் கைதான் ஓங்கும். அதனால் தீவின் மரைன் படைத் தலைவர் மேஜர் டெவரூ பீரங்கிகளைச் சுட விடவில்லை. கப்பல்கள் குண்டு போட்டுக்கொண்டே சுமார் 4,500 கஜத்துக்குள் வந்த பிறகுதான் உத்தரவு. வேக்கின் ஒரு பகுதியான வில்க்ஸ் திட்டில் இருந்த பேட்டரி (பீரங்கித் தொகுதி), ஹயாட்டே என்ற ஜப்பானிய டெஸ்ட்ராயரை (நாசகாரிக் கப்பல்) சில சுற்றிலேயே உடைத்துவிட்டது. முந்தின நாள் அங்கே டைனமைட் கிடங்கு வெடித்துக் குறிபார்க்கும் கருவிகள் நாசமாகியிருந்தன. தூரத்தைக் கண்ணால் கணித்துத்தான் சுட்டார்கள்.

*

மேலே சொன்னதோடு விமானக் கதையையும் சேர்க்கணும். படத்தில் விமானி ஒருவன் கப்பலைக் குண்டு போட்டு அழித்துவிட்டு, திரும்பி வந்து உயிர் விடுகிறான். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் மரைன் விமானி கேப்டன் எல்ராட். அவர் குண்டு போட்ட கிசராகி என்ற டெஸ்ட்ராயர், கப்பலின் மேல்தளத்தில் இருந்த நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டுகளும் சேர்ந்து வெடித்து மூழ்கியது. எல்ராட் அன்றைக்குச் சாகவில்லை. எண்ணெய்க் குழாய் அறுந்து, விமானத்தைக் கரையில் மோதி இறக்கினார். டிசம்பர் 23-ல் தரையில் நின்று சண்டை போடும்போதுதான் இறந்தார்.

இருந்ததே 12 வைல்ட்கேட் போர் விமானங்கள். முதல் நாளே (டிசம்பர் 8) தரையில் நின்ற எட்டில் ஏழு போச்சு. ராடார் இல்லை, மழை மேகத்துக்குள்ளிருந்து 36 விமானங்கள் தாழ்வாக வந்தன, அலை இரைச்சலில் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. மண்மேடு மறைவுகள் இன்னும் கட்டி முடியாததால் விமானங்கள் வெட்டவெளியில் நின்றன. கையிலிருந்த குண்டுகளும் விமானத்தின் கொக்கிக்குப் பொருந்தாது. குண்டைப் பிடிக்கும் பட்டைகளை அங்கேயே மாற்றிச் செய்து, ஒரு விமானத்துக்கு 100 பவுண்டு குண்டு இரண்டு வீதம் மாட்டினார்கள். இந்தப் பட்டறை வேலையை ஒரு நிமிஷம் காட்டியிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

*

முடிவுதான் சுத்த சினிமா. படத்தின் நாயகன் மேஜர் கேடனும் கட்டட ஒப்பந்தக்காரர் மெக்ளாஸ்கியும் ஒரே மெஷின் கன்னில் உட்கார்ந்து கடைசிவரை சுடுவதாக முடித்திருக்கிறார்கள். உண்மையில் தீவு சரணடைந்தது, பெரும்பாலோர் கைதிகளாகப் போனார்கள். மெக்ளாஸ்கிக்கு நிகரான டான் டீட்டர்ஸும் சிறையிருந்து பிழைத்தார். படத்தைப் பார்த்தால் தீவின் முழுப் பொறுப்பும் கேடனிடம் என்றே தோன்றும். நிஜத்தில் டெவரூவுக்கு மேலே கடற்படை கமாண்டர் கன்னிங்காம் இருந்தார்.

தீவு விழுந்ததற்கு வீரக் குறைவு காரணம் இல்லை, டெலிபோன் கம்பி ஒரு காரணம். புதைக்க ஆளும் கருவியும் போதாமல் கம்பியைப் பெரும்பாலும் தரை மேலேயே இழுத்திருந்தார்கள். டிசம்பர் 23 அதிகாலை, ரோந்துக் கப்பல்கள் இரண்டைக் கரையில் ஏற்றி ஜப்பானியர் இறங்கியதும், கம்பி அறுந்து ஒவ்வொரு இடமும் தனித்தனியாகிவிட்டது. வில்க்ஸில் இறங்கிய சுமார் 100 பேரை கேப்டன் பிளாட்டின் ஆட்கள் ஏறக்குறைய முழுசாகத் தீர்த்துவிட்டார்கள். அந்தச் சேதி டெவரூவுக்குப் போகவே இல்லை. வில்க்ஸ் விழுந்துவிட்டது என்றே நினைத்தார். துடைப்பக் கட்டையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு சார்ஜென்ட்டோடு டெவரூ நடந்து வந்து சரணடைவதைச் சொன்னபோது, ஜெயித்துவிட்டோம் என்றிருந்த ஆட்கள் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு காட்சிக்கே தனிப் படம் எடுக்கலாம்.

*

அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சாரடோகாவோடு வந்துகொண்டிருந்த உதவிப் படையை, பசிபிக் கடற்படையின் தற்காலிகத் தளபதி வைஸ் அட்மிரல் பை திரும்ப அழைத்ததும் தீவு சரணடைந்த அதே நாளில்தான். முதல் முறை தோற்ற ஜப்பான், இரண்டாம் முறைக்கு சோர்யு, ஹிர்யு என இரு விமானந்தாங்கிக் கப்பல்களைப் பேர்ல் ஹார்பரிலிருந்து திரும்பும் வழியில் அனுப்பியிருந்தது. மீதி இருந்த ஓரிரு வைல்ட்கேட்டும் 22-ல் போய்விட்டன.

*

தீவில் இருந்தவர்கள் மரைன் வீரர்கள் 449 பேர், கட்டடத் தொழிலாளர் சுமார் 1,100 பேர். 3 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கி 12 இருந்தும், பாதிக்குத்தான் ஆள். முழுக் குறிபார்க்கும் கருவி ஒரே ஒரு பேட்டரியில். தொழிலாளர்களில் பலர் குண்டு தூக்கி, பீரங்கியில் நின்றார்கள். படம் அவர்களை மெக்ளாஸ்கி ஒருவர் மூலமாகத்தான் காட்டுகிறது. பின்னாளில் தீவில் கைதிகளாக வைத்திருந்த 98 தொழிலாளர்களை 1943 அக்டோபரில் ஜப்பானியத் தளபதி சகாய்பாரா சுட்டுக் கொல்ல வைத்தார். அதற்காக 1947-ல் அவரும் தூக்கிலிடப்பட்டார். சண்டை போட்ட தொழிலாளர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதி 1981-ல்தான் கிடைத்தது.

தேதியில் குழப்பம் வேண்டாம்: வேக் தேதிக்கோட்டுக்கு மேற்கே இருப்பதால், பேர்ல் ஹார்பரில் 7-ம் தேதி என்றால் அங்கே 8. படத்தை வரலாற்றுப் புத்தகங்களோடு ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.