ப்ரீபெய்டு கார்டு: பணம் ஏறும் வழி, இறங்கும் வழி

பீளமேடு:
ப்ரீபெய்டு கார்டு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "கார்டுக்கு எவ்வளவு?" என்றுதான். அது ஒருமுறை போகிற காசு. மாதாமாதம் கையைக் கடிப்பவை வேறு இரண்டு: பணத்தை எந்த வழியில் ஏற்றுகிறோம், மிச்சத்தை எந்த வழியில் எடுக்கிறோம். கார்டுகளை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் முன்னால் வையுங்கள். கார்டு புழங்குகிறவர்கள் கவனித்ததைக் கீழே உங்கள் பகுதிப் பெயரில் எழுதுங்கள். என் பங்குக்கு அடிப்படையை வைக்கிறேன்.

ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் 27 நெறிமுறைப்படி, பெயரும் ஏதாவது ஓர் அடையாள எண்ணும் கொடுத்து, ஓடிபி போட்டதும் கிடைப்பது சிறு கார்டு. ஆப்களில் 'மினிமம் கேஒய்சி' என்று இருக்கும் (கேஒய்சி என்றால் வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு). இதில் எந்த நேரத்திலும் ரூ.10,000-க்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஒரு மாதத்தில் ஏற்றும் மொத்தத் தொகையும் ரூ.10,000-தான், ஆண்டுக்கு ரூ.1,20,000. பொருளோ சேவையோ வாங்கலாம். ஏடிஎம்மில் எடுக்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. கையில் ரொக்கம் கொடுத்து ஏற்றும் வசதியுள்ள சிறு கார்டு என்றால் 24 மாதத்துக்குள் முழு கேஒய்சிக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அதற்குப் பிறகு பணம் ஏற்ற முடியாது.

முழு கேஒய்சி முடித்தால் இருப்பு ரூ.2 லட்சம் வரை போகலாம், அனுப்பலாம், ஏடிஎம்மிலும் எடுக்கலாம். ஆதார் ஓடிபி மட்டும் போட்டுவிட்டு முழு கேஒய்சி முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. வீடியோ கேஒய்சி செய்ய வேண்டும், அல்லது ஆளே நேரில் வந்து சரிபார்க்க வேண்டும். வீடியோவில் பான் கார்டின் அசலைக் காட்டச் சொல்வார்கள், ஜெராக்ஸ் எடுபடாது. வெளிச்சமும் நெட்டும் சரியாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள். அழைப்பு நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தாம்பரம்:
ஏற்றுவது பற்றி. யுபிஐ, நெட்பேங்கிங், டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, கடையில் ரொக்கம் என்று ஐந்து வழி இருந்தாலும் செலவு ஒன்றல்ல. யுபிஐ வழியாக ஏற்றினால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டில் ஏற்றினால்தான் அடி: ஆப் ஒரு சதவீதக் கட்டணம் போடும், அதன்மேல் 18% ஜிஎஸ்டி. சில கிரெடிட் கார்டுகள் வாலட்டில் (ஆப்பில் உள்ள ப்ரீபெய்டு பணப்பையில்) ஏற்றியதற்குத் தனிக் கட்டணமும் போட்டு, ரிவார்டு புள்ளியும் தராது. ஆப் 2% எடுக்கிறது என்று வைத்தால் ரூ.5,000 ஏற்ற ரூ.100, ஜிஎஸ்டி ரூ.18. மாதம் ஒருமுறை என்றாலே ஆண்டுக்கு ரூ.1,416 போய்விடும். ஆண்டுக் கட்டணம் ரூ.200 குறைவு என்று பார்த்து வாங்கிய கார்டு அப்போது லாபமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஏற்றும்போது வழக்கமாக மாட்டுகிற இடங்கள்:

மாத வரம்பு இருப்பை வைத்து ஓடுவதில்லை, அந்த மாதம் ஏற்றிய மொத்தத்தை வைத்து ஓடுகிறது. சிறு கார்டில் 3-ஆம் தேதி ரூ.10,000 ஏற்றி, 10-ஆம் தேதிக்குள் முழுக்கச் செலவு செய்துவிட்டால் இருப்பு பூஜ்யம். ஆனாலும் அந்த மாதம் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஆப் சில நேரம் இதைச் சொல்லாமல் 'பேமென்ட் ஃபெயில்டு' என்று மட்டும் காட்டும்.

புது போனில் யுபிஐ போட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் ரூ.5,000 வரைதான் போகும். வங்கி, கார்டு இரண்டின் மேலும் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

நெஃப்ட், ஐஎம்பிஎஸ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றம் வழியாக ஏற்ற சில கார்டுகளுக்குத் தனி மெய்நிகர் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுப்பார்கள். அது கார்டில் அச்சடித்த 16 இலக்க எண் அல்ல. அதை ஆப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டாதீர்கள். முதலில் ரூ.10 அனுப்பி, இருப்பில் ஏறியதைப் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

ரொக்கமாக ஏற்ற மாதம் ரூ.50,000 உச்ச வரம்பு. 'கிரெடிட் லைன்' எனும் கடன் வசதியிலிருந்து ஏற்றும் வழியை வங்கி அல்லாத நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் அடைத்துவிட்டது. 'இப்போது வாங்கி, பிறகு கட்டு' என்று கார்டில் பணம் ஏற்றித் தருவதாக இன்னும் யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள்.

தல்லாகுளம்:
எடுப்பது பற்றி. வங்கி அல்லாத நிறுவனம் கொடுத்த முழு கேஒய்சி கார்டில் ஒரு தடவைக்கு ரூ.2,000, மாதத்துக்கு ரூ.10,000 வரைதான் ரொக்கம் எடுக்கலாம். ஏடிஎம், ஸ்வைப் மிஷின் எல்லாம் சேர்த்து அந்த வரம்பு. ஒரு தடவைக்குக் கட்டணம் ரூ.20 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜிஎஸ்டி சேர்த்து ரூ.23.60. ரூ.10,000 எடுக்க ஐந்து தடவை, ஆக ரூ.118. கட்டணப் பட்டியலில் 'ரூ.20' என்று பார்க்கும்போது சின்னதாகத் தெரிகிறது. ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். இருப்பு பார்ப்பதற்கும், போதிய பணமில்லாமல் திரும்புவதற்கும் தனிக் கட்டணம் உண்டா என்று அதே பட்டியலில் தேடுங்கள். இருப்பை ஆப்பில் பார்த்துவிட்டு ஏடிஎம்முக்குப் போவதே நல்லது.

ரொக்கம் தேவை என்றால் கார்டு வழியை விட்டுவிட்டு, முழு கேஒய்சி கார்டிலிருந்து சொந்த வங்கிக் கணக்குக்கு மாற்றி எடுப்பது பல நேரம் மலிவு. மாற்றுவதற்கு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். 2024 டிசம்பர் 27 அறிவிப்புக்குப் பிறகு முழு கேஒய்சி வாலட்டை வேறு யுபிஐ ஆப்களிலும் இணைக்க அனுமதி உண்டு. ஆகவே அந்த நிறுவனத்தின் ஆப்பையே நம்பியிருக்க வேண்டியதில்லை.

சிறு கார்டில் மாட்டிக்கொண்ட பணம் போனது போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவே கூடாது. அனுப்ப முடியாதே தவிர, கார்டை மூட முடியும். மூடினால் இருப்பு, எங்கிருந்து ஏற்றினீர்களோ அங்கேயே திரும்பப் போகும். கேஒய்சி கொடுத்தால் உங்கள் வங்கிக் கணக்குக்கும் வாங்கிக்கொள்ளலாம். கஸ்டமர் கேரில் 'டிரான்ஸ்ஃபர்' என்று கேட்டால் முடியாது என்பார்கள். 'குளோஷர்' என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

காலாவதியான கார்டுக்கும் இது பொருந்தும்: மிச்சத்தை விட்டுவிடக் கூடாது. கடைசியாக ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கார்டு செல்லும். முடிவதற்கு முந்தைய 45 நாளில் எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ அனுப்பி எச்சரிக்க வேண்டும். முடிந்த பிறகும், வங்கி அல்லாத நிறுவனம் மூன்று ஆண்டுக்கு உங்கள் மிச்சத்தைத் தன் லாபக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய கார்டு பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

பெரம்பூர்:
பயண கார்டு பற்றி யாரும் எழுதவில்லை. சிங்காரச் சென்னை கார்டு போன்ற என்சிஎம்சி (பல போக்குவரத்துக்கும் பொதுவான பயண கார்டு) கார்டுகளில் பணம் இரண்டு இடத்தில் இருக்கும்: வங்கியின் கணினியில் ஒன்று, கார்டின் சிப்பில் ஒன்று. மெட்ரோ கேட்டும் மாநகரப் பேருந்தின் கருவியும் பார்ப்பது சிப்பில் உள்ளதை மட்டும்தான். வீட்டிலிருந்து ஆன்லைனில் ரூ.500 ஏற்றினால் 'சக்சஸ்' என்று வரும், வங்கிக் கணக்கிலும் கழியும், கேட் மட்டும் திறக்காது. அந்த ரூ.500 இன்னும் சிப்புக்கு வரவில்லை. நிலையத்தில் கவுன்ட்டரிலோ மிஷினிலோ கார்டை வைத்து 'பேலன்ஸ் அப்டேட்' செய்தால்தான் இறங்கும். திரையில் புது இருப்பு வரும் வரை கார்டை எடுக்காதீர்கள். பாதியில் எடுத்தால் எழுதாமல் போய்விடும். கூட்டமான நேரத்தில் இதைச் செய்வதைவிட, முதல் நாள் இறங்கும்போதே முடித்துவிடலாம்.

சிப்பில் அதிகபட்சம் ரூ.2,000. அதற்கு ரகசிய எண் (PIN) கிடையாது, தொட்டால் கழியும். கார்டு தொலைந்தால், பிளாக் செய்தாலும் சிப்பில் இருந்த தொகை திரும்ப வராது. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் சிப்பில் வையுங்கள். மெட்ரோவில் கார்டுக்கு 20% கட்டணச் சலுகை இருக்கிறது என்பதால் தினசரி போகிறவர்களுக்குக் கார்டு நிச்சயம் லாபம்.

ஆழ்வார்பேட்டை:
ஃபாரெக்ஸ் கார்டுக்கு (வெளிநாட்டு நாணயம் ஏற்றும் கார்டு) ஒரே ஒரு அளவுகோல் போதும். 'எல்லாம் சேர்த்து நான் கட்டும் ரூபாய் எவ்வளவு, கார்டில் ஏறும் டாலர் எவ்வளவு' என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். ஒரு கணக்கு: முதல் இடத்தில் கார்டு இலவசம், டாலர் விலை ரூ.89.40. இரண்டாவது இடத்தில் கார்டுக்கு ரூ.300, ஜிஎஸ்டியோடு ரூ.354, டாலர் விலை ரூ.88.10. 1,000 டாலர் ஏற்ற வேண்டும். நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டி ஒரு லட்சம் ரூபாய் வரை 0.18%, குறைந்தது ரூ.45. முதல் இடத்தில் ரூ.89,400-ம் ஜிஎஸ்டி ரூ.160.92-ம் சேர்த்து ரூ.89,560.92. இரண்டாவதில் 88,100, 158.58, 354 மூன்றும் கூட்டினால் ரூ.88,612.58. இலவச கார்டுதான் ரூ.948 அதிகம்.

டாலர் கார்டை வைத்துக்கொண்டு தாய்லாந்தில் 'பாட்' நாணயத்தில் செலவு செய்தால் 3.5% வரை குறுக்கு நாணயக் கட்டணம் விழும். போகும் நாட்டின் நாணயம் அந்த கார்டில் உண்டா என்று பார்த்தே வாங்குங்கள். பல நாணயம் ஏற்றும் கார்டிலும் அந்தந்த நாணயத்துக்கான பையில் பணம் இருந்தால்தான் கட்டணம் தப்பும். வேறு பையிலிருந்து எடுத்தால் கட்டணம் உண்டு. வெளிநாட்டுக் கடையில் மிஷின் 'ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?' என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். நேபாளம், பூட்டானில் இந்த கார்டு செல்லாது. ஓட்டல் முன்பணத்துக்கும் வாடகைக் காருக்கும் இதைக் கொடுக்காதீர்கள். அவர்கள் முடக்கும் தொகை விடுபட வாரக் கணக்காகும். அதுவரை அந்தப் பணம் கார்டில் இருந்தும் இல்லாததுதான்.

ஒரு நிதியாண்டில் ரூ.10 லட்சத்துக்கு மேல் போகும் சுற்றுலாச் செலவுக்கு 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். இந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல். அதற்கு முன் ரூ.7 லட்சம். அது வரியில் கழிக்கக் கூடியது, ஆனால் கையில் வர மாதங்கள் ஆகும். திரும்பி வந்த பிறகு 2,000 டாலர் வரை கார்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

பீளமேடு:
ஆழ்வார்பேட்டை கணக்குக்கு நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். கிஃப்ட் கார்டு பற்றி யாராவது?

அனுப்பானடி:
கிஃப்ட் கார்டு ரூ.10,000 வரைதான் கிடைக்கும். மறுபடி ஏற்ற முடியாது, ரொக்கமாக்க முடியாது, ஆயுள் குறைந்தது ஓராண்டு. கடைசியில் ரூ.137, ரூ.62 என்று மிச்சம் நிற்பதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை, ஏனென்றால் பல இணையக் கடைகள் ஒரே பில்லுக்கு இரண்டு கார்டு எடுக்காது. ரூ.500 பொருளுக்கு ரூ.137 கார்டைப் போட்டால் மொத்தமாக நிராகரித்துவிடும். இருப்பை பைசா வரை பார்த்து, நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் சொந்த கிஃப்ட் பேலன்ஸாகச் சரியாக அந்தத் தொகைக்கே வாங்குங்கள். கார்டு காலியாகும், மிச்சம் உங்கள் கடைக் கணக்கில் இருக்கும். குறைந்தபட்சத் தொகை என்ன என்று மட்டும் பாருங்கள். காலாவதியாகிவிட்டால் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், விதியில் இடமுண்டு.

இன்னொன்று: ஓடிபி, கார்டைப் பரிசாகப் பெற்றவரின் எண்ணுக்கே போகிறதா என்று பாருங்கள். பரிசு கொடுத்தவர் எண் பதிவாகியிருந்தால் பெற்றவரால் ஆன்லைனில் பயன்படுத்த முடியாது.

தாம்பரம்:
புகார் பற்றிச் சேர்த்துவிடுகிறேன். ஸ்வைப் செய்து பணம் கழிந்து, கடைக்கு உறுதி வரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு, நீங்கள் கேட்காமலே தர வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கழிந்தாலும் அதே ஐந்து நாள். பரிவர்த்தனையின் ஆர்ஆர்என் (குறிப்பு) எண், நேரம், தொகை மூன்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எந்தப் புகாரும் நகராது.

தெரியாத பரிவர்த்தனை நடந்தால், மூன்று நாளுக்குள் சொன்னால் வெளியாளால் நடந்த மோசடிக்கு உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் அந்தத் தொகை, அல்லது ரூ.10,000, எது குறைவோ அது. அதன் பிறகு நிறுவனத்தின் கொள்கைப்படி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு ஓடாது. சொல்லும் வரை நடந்த இழப்பு உங்களுடையது. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. முதலில் நிறுவனத்துக்கு எழுதிய புகார் எண் கையில் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.