1955 புரூக்ளின் டாட்ஜர்ஸ்: சேர்க்க வேண்டியது 1955 கார்டா, 1956 கார்டா?

எட்டுப்பை:
புதிதாகச் சேர்க்கத் தொடங்கிய ஒருவர் கேட்டிருந்தார்: 1955-ல் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்து உலகத் தொடரை (பேஸ்பால் சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடர்) வென்ற புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை மட்டும் பேஸ்பால் கார்டில் சேர்க்கணும், எங்கே தொடங்குவது என்று. "டாப்ஸ் கம்பெனியின் 1956 செட்டை வாங்கிப் போடு, வேலை முடிஞ்சது" என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த அணி ஆடிக்கொண்டிருந்த கோடையில் பபிள்கம்மோடு கடையில் விற்றது எதுவோ, அதுதான் அந்த அணியின் கார்டு.

1955-ஐ எடுத்தால் ஒரு தலைவலி உண்டு. அந்த வருஷம் இரண்டு கம்பெனி. டாப்ஸும் போமனும் ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் போட்டு ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஜாக்கி ராபின்சன் (கார்டு எண் 50), அமோரோஸ் (75), கோஃபாக்ஸ் (123), ஸ்னைடர் (210) டாப்ஸில் மட்டும். கேம்பனெல்லா (22), ரீஸ் (37), நியூகோம் (143), ஃபுரில்லோ (169), எர்ஸ்கின் (170), லபைன் (180) போமனில் மட்டும். பாட்ரெஸ், ஹாட்ஜஸ், கில்லியம், ஜிம்மர் இரண்டிலும் இருக்கிறார்கள். ஒரு கம்பெனியை விட்டால் அணியில் பாதி காணாமல் போகும். ஆகவே இரண்டையும் கலந்துதான் சேர்க்கணும்.

மூன்றாம்சீரிஸ்:
அந்த நாலு பேரில் நானும் ஒருவன். கார்டைத் திருப்பிப் பாருங்கள் சார். 1955 கார்டின் பின்பக்கத்தில் இருப்பது 1954 கணக்கு. அந்த வருஷம் டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸுக்கு ஐந்து ஆட்டம் பின்தங்கி இரண்டாம் இடம். சாம்பியன் வருஷத்துக் கணக்கு முழுதாக அச்சானது 1956 டாப்ஸின் முதுகில்தான். ராபின்சனின் பேட்டிங் சராசரி 1955 கார்டில் .311, 1956 கார்டில் .256. வயசாகி, அடி குறைந்து, அப்படியும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹோம் பேஸைத் திருடிய (பந்து அடிக்கப்படாமலே ஓடிவந்து ரன் எடுத்த) அந்த ஆளின் சீசன் இந்த .256-தான். ஸ்னைடரின் 42 ஹோம் ரன், நியூகோமின் 20 வெற்றி, 5 தோல்வி எல்லாம் இங்கேதான்.

இன்னொன்று. 1956 தொடக்கத்திலேயே டாப்ஸ் போமனை வாங்கிவிட்டது. அதனால் கேம்பனெல்லாவும் (101) ரீஸும் (260) ராபின்சனும் (30) ஒரே செட்டில், ஒரே வடிவமைப்பில் வருகிறார்கள். மேனேஜர் ஆல்ஸ்டனின் முதல் கார்டு 1956-ல் 8-ஆம் எண். ஐந்தாம் ஆட்டத்தை வென்ற ரோஜர் கிரெய்கும் (63), நடு சீசனில் வந்து சேர்ந்த பெசன்ட்டும் (184) 1956-ல்தான் முதன்முதலாக வருகிறார்கள். 166-ஆம் எண் முழு அணியின் குழுப்படம். உங்கள் 1955 ஆல்பத்தில் மேனேஜரே கிடையாது. அது என்ன அணி?

எட்டுப்பை:
மேனேஜர் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள், சரி. ஆனால் 1956 ஒழுங்கான செட் என்று சொல்வதை ஏற்க முடியாது. முதல் ஆட்டத்தில் ராபின்சன் ஹோம் பேஸைத் திருடியபோது மட்டையோடு நின்றவர் ஃபிராங்க் கெல்லர்ட். 1956 டாப்ஸில் அவர் 291, சிகாகோ கப்ஸ் ஆட்டக்காரர். தொடர் முடிந்ததும் விற்றுவிட்டார்கள். அணிவாரியாகத் தேடினால் கண்ணிலேயே படமாட்டார்.

முகப்படங்களும் பழசுதான். ராபின்சனுக்கும் கோஃபாக்ஸுக்கும் 1955-ல் போட்ட முகத்தையே 1956-லும் போட்டிருக்கிறார்கள். முகத்துக்குப் பின்னணியாக வரும் ஆட்டக் காட்சியை வைத்து மயங்கவும் வேண்டாம். அந்த செட்டில் ஹேங்க் ஆரன் கார்டில் சறுக்கி வருபவர் வேறு அணியின் வில்லி மேஸ், தொப்பியை மாற்றி வரைந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. எண்ணைப் பார்த்து 1956-ஐ வாங்கலாம், படத்தை நம்பி வாங்காதீர்கள்.

கோஃபாக்ஸின் ரூக்கி கார்டு, அதாவது முதல் கார்டு, 1955 டாப்ஸ் 123. இதை விட்டுவிட்டு என்ன புரூக்ளின்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் சரித்திரம் பேசுகிறீர்கள். கேட்டவருக்கு வேண்டியது எதை முதலில் வாங்குவது என்ற வரிசை.

1955 டாப்ஸில் எண்கள் 210 வரை ஓடும், கார்டு 206தான். 175, 186, 203, 209 அச்சாகவே இல்லை. அந்த எண்ணில் "அபூர்வ கார்டு" என்று யாராவது நீட்டினால் நடையைக் கட்டுங்கள். செட்டைத் தவணை தவணையாக, சீரிஸ் சீரிஸாக விடுவார்கள்; 161-லிருந்து கடைசி சீரிஸ், குறைவாகக் கடைக்கு வந்தது. ஹாட்ஜஸ் (187), ஸ்னைடர் இரண்டு பேரும் அதில். ஸ்னைடருக்கு இரட்டை அடி: அவர் செட்டின் கடைசிக் கார்டு. பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்த காலம் அது. ரப்பர் பேண்ட் நேரே பதிவது முதல் கார்டிலும் கடைசிக் கார்டிலும். நீளப் பக்கத்தின் நடுவே எதிரெதிராக இரண்டு சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று ஸ்னைடரில் கட்டாயம் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் தெரியாது. விற்பவரிடம் சாய்த்து எடுத்த படம் கேளுங்கள்.

போமனில் 225 முதல் 320 வரை கிடைப்பது கடினம். அணியில் பில்லி லோஸ் (240) அங்கே மாட்டுகிறார். 1956-ல் மூன்றாம் சீரிஸ், 181 முதல் 260 வரை, கொஞ்சம் கடினம்: ஃபுரில்லோ 190, எர்ஸ்கின் 233, நியூகோம் 235, ரீஸ் 260. நண்பர் பெயரை அங்கிருந்துதான் எடுத்தாரோ?

என் வரிசை: கோஃபாக்ஸும் ராபின்சனும் முதலில். விலை ஏறுவது அவர்கள்தான், ரோஜர் கிரெய்க் எங்கேயும் ஓடிப்போக மாட்டார். பிறகு கடின சீரிஸ் ஆட்கள், சாதாரணக் கார்டுகள் கடைசியில், கும்பலாக. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சில்லறைக் கார்டு இருபதை வாங்கி உற்சாகமாகிவிட்டு, பிறகு கோஃபாக்ஸுக்குக் காசில்லாமல் நிற்பார்கள்.

மூன்றாம்சீரிஸ்:
பெயர் அங்கிருந்துதான். கண்டுபிடித்ததற்கு நன்றி.

பழுப்புஓரம்:
1955 போமன் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது டிவி பெட்டி வடிவம், சுற்றிலும் மரச் சட்டம். 1 முதல் 64 வரை வெளிர் பழுப்பு, 65-லிருந்து கரும்பழுப்பு. அதனால் கேம்பனெல்லாவும் ரீஸும் வெளிர்சட்டத்தில், நியூகோம், எர்ஸ்கின் எல்லாம் கருஞ்சட்டத்தில். கருஞ்சட்டத்தில் மூலை ஒரு நூல் தேய்ந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளை அட்டை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்காமல் இருக்க மார்க்கர் பேனாவால் தொட்டுவிடுகிறார்கள். இந்த செட்டைப் பிடித்த நோய் இது.

கண்டுபிடிக்க: கார்டை முகம் பார்த்துப் பிடிக்காமல், விளிம்பு கண்ணுக்கு நேராக வருமாறு பிடியுங்கள். அச்சு மை மேல்தோலில் மட்டும் இருக்கும், அட்டையின் கனத்தில் வெளிர் நிறம்தான் தெரியணும். மார்க்கர் பட்டிருந்தால் மை இழையில் ஊறி விளிம்பே பழுப்பாக இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் சட்டத்தைப் பார்த்தால் அச்சு புள்ளிப் புள்ளியாகத் தெரியும், தொட்ட இடத்தில் புள்ளி இல்லாமல் ஒரே பூச்சு. "மூலை நாலும் கூர்" என்று விற்பவர் சொல்லும் கருஞ்சட்டக் கார்டைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

கண்ணாடிப்பெட்டி:
இவ்வளவு பயம் எதற்கு? கிரேடிங் ஆன (ஒரு கம்பெனி சோதித்து, தரத்துக்கு எண் போட்ட) கார்டாக மட்டும் வாங்கினால் மார்க்கர், வெட்டு, போலி மூன்றையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். பெட்டியில் அடைத்து நம்பர் போட்டு வரும். முழு அணியும் கிரேடு 5-ல் வரிசையாக நின்றால் அதன் அழகே தனி.

கணக்குப்பிள்ளை:
கோஃபாக்ஸுக்கும் ராபின்சனுக்கும் சரி. ஆனால் ரூப் வாக்கர், ஜிம் ஹ்யூஸ் மாதிரி மலிவுக் கார்டுகளைக் கிரேடு பண்ணினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அணி செட்டில் முக்கால்வாசி இப்படிப்பட்ட கார்டுகள்தான். அவற்றுக்குப் போகும் கட்டணத்தில் கேம்பனெல்லாவை ஒரு கிரேடு மேலே வாங்கிவிடலாம்.

கிரேடு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதும் தப்பு. முன்பக்கம் அப்பழுக்கில்லாமல், பின்பக்கம் லேசாகப் பேனா பட்ட ராபின்சன் 2 வாங்கும். மூலை மொத்தமாக மழுங்கி, படம் ஒரு பக்கம் ஒதுங்கியது 4 வாங்கும். ஆல்பத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த 2 தான் லாபம்.

கண்ணாடிப்பெட்டி:
விற்கும்போது அந்த 2 யாருக்கு லாபம் என்று பாருங்கள். பேனாக் கீறலை முதலில் கண்டுபிடிப்பவர் வாங்குகிறவர்தான். சரி, கிரேடு இல்லாமல் வாங்குகிறவர் போலியை எப்படிக் கண்டுபிடிப்பார்? அதைச் சொல்லுங்கள்.

பழுப்புஓரம்:
அளவுகோல் முதலில். 1955, 1956 டாப்ஸ் இரண்டுமே 2⅝-க்கு 3¾ அங்குலம், அதாவது சுமார் 66.7-க்கு 95.3 மில்லிமீட்டர். போமன் அகலம் 2½, உயரம் அதே 3¾. 1957-லிருந்துதான் இன்றைய 2½-க்கு 3½ வந்தது. 1995-ல் டாப்ஸே புரூக்ளின் டாட்ஜர்ஸ் கார்டுகளை ரீபிரிண்ட் (மறுபதிப்பு) போட்டது. அது இன்றைய அளவு, பளபளப்பான தாள். ஸ்கேன் படத்தில் அசல் மாதிரியே ஏமாற்றும், கையில் அளந்தால் ஒரே நொடியில் மாட்டும்.

அளவு ஒத்துப்போனால் லென்ஸ். அசலில் கறுப்பு எழுத்து ஒரே மையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்துக்குள்ளேயும் கலர் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பிறகு புற ஊதா டார்ச். இன்றைய வெள்ளைத் தாள் நீலமாக ஒளிரும், அந்தக் காலத்து அட்டை மங்கிக் கிடக்கும். ஒளிர்ந்தால் போலி என்று தள்ளலாம், ஒளிராததால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது. பழைய தாளில் அடிக்கிறவர்களும் உண்டு.

வெட்டிய கார்டுக்கு, அதே வருஷத்து மலிவான கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் ஒட்டிப் பாருங்கள். ஓரம் மழுங்கிப் போன கார்டைச் செதுக்கிச் செதுக்கி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக்கி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் புத்தம்புது கூர்மை, மற்ற மூன்றும் பழசு என்றால் வேண்டாம்.

எட்டுப்பை:
அளவு வந்ததால் என் பெயருக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பை கொண்ட சாதா ஆல்பத் தாளில் இந்தக் கார்டு நுழையாது. உள்ளே தள்ளினால் மேலே கால் அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆல்பத்தை மூடும்போது அந்த விளிம்புதான் மடங்கும். பழைய அளவுக்கு என்றே எட்டு பைத் தாள் கிடைக்கிறது. சாதா மெல்லிய ஸ்லீவும் (ஒற்றைக் கார்டுக்கான பிளாஸ்டிக் உறை) உயரம் போதாது, "விண்டேஜ்" என்று கேட்டு வாங்கணும். போமன் அகலம் குறைவு என்பதால் அதே பையில் கொஞ்சம் ஆடும், ஸ்லீவோடு சேர்த்து வைத்தால் நிற்கும். தாள் பாலிப்ரொப்பிலீன் ஆக இருக்கட்டும். பிவிசி தாள் வருஷக்கணக்கில் எண்ணெய் கசிந்து கார்டில் ஒட்டும்.

மூன்றாம்சீரிஸ்:
ஆக உங்கள் 1955 வழிக்கு இரண்டு அளவு, இரண்டு வடிவமைப்பு, மார்க்கர் சோதனை. என் 1956-க்கு ஒரே அளவு, ஒரே வகை ஆல்பத் தாள். ஒன்று மட்டும் கவனிக்கணும்: 1 முதல் 180 வரை பின்பக்கம் சாம்பல், வெள்ளை என இரண்டு வகையாக அச்சானது. அணி முழுக்க ஒரே மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்தால் தேடல் இழுக்கும். எனக்கு எது கிடைத்தாலும் சரி.

பழுப்புஓரம்:
இரண்டு கட்சிக்கும் ஒரு கேள்வி. போமன் 195, எர்வ் பலிகா. சீசன் தொடங்கும் முன்பே பால்டிமோர் அணிக்குப் போய்விட்டார், பதிலுக்கு வந்தவர்தான் மேலே சொன்ன கெல்லர்ட். கார்டு இரண்டு விதமாக வந்தது: மாற்றம் பற்றிய வரி பின்பக்கத்தில் இல்லாதது ஒன்று, இருப்பது ஒன்று. எட்டுப்பை சொல்கிறபடி அந்தக் கோடையில் கடையில் விற்றதுதான் கணக்கு என்றால், பலிகாவும் அணியில் சேர்த்தியா?

எட்டுப்பை:
வரி இல்லாதது சேர்த்தி. வரி உள்ளதில் அவர் பால்டிமோர்காரர் என்று கார்டே சொல்லிவிடுகிறது.

மூன்றாம்சீரிஸ்:
ஆடாத பலிகாவுக்குப் பை உண்டு, அந்த வருஷம் நாலு ஆட்டம் பந்து வீசிய டாமி லசோர்டாவுக்கு இல்லையா? கோஃபாக்ஸுக்கு இடம் விட அவரைத்தான் கீழ்நிலை லீக் அணிக்கு அனுப்பினார்கள்.

எட்டுப்பை:
லசோர்டாவுக்கு 1955 கார்டு எங்கே இருக்கிறது? 1954 டாப்ஸ் 132 மட்டும்தான்.

மூன்றாம்சீரிஸ்:
1956-லும் இல்லைதான். அதனால் என் ஆல்பத்தில் கடைசிப் பையில் அந்த 1954-ஐ வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் கப்ஸ்காரர் கெல்லர்ட்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் உங்களுடையது 1956 செட்டும் இல்லை. கேட்டவர் இன்னும் இங்கே இருக்கிறாரா? கோஃபாக்ஸ் 123, நாலு மூலையும் உருண்டது, மடிப்பு இல்லாதது, சென்டரிங் நன்றாக உள்ளது (படம் நடுவில் அமைந்தது) கண்ணில் பட்டால் விலையோடு இங்கே போடுங்கள். பின்பக்கப் படமும் சேர்த்து.