மேற்கு பார்த்த பால்கனி, தொங்குற கூடையில சக்குலென்ட் தாங்குமா?

திருநகர்_மாடி:
வணக்கம் மக்களே, எங்க பால்கனியில மதியம் ரெண்டு மணிக்கு வர்ற வெயிலு பொழுது சாயுற வரைக்கும் நேரா அடிக்கும், அங்க 10 இஞ்ச் கம்பிக்கூடையில தென்னைநார் விரிச்சு சக்குலென்ட் (தடிச்ச இலை, தண்டுல தண்ணி சேத்து வைக்கிற செடி) தொங்கவிட ஆசை. நர்சரியில ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்குன எச்சிவேரியாவும், முத்து முத்தா தொங்குற ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸும் கண்ணைப் பறிக்குது. நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு நிக்குமா? மண்ணு என்ன கலக்கலாம்? வீட்டுக்காரர் வேற சீலிங்ல ஓட்டை போட விடமாட்டேங்குறாரு 😒

பிரண்டைப்பிரியன்:
எச்சிவேரியாவ விட்டுருங்கக்கா, அது மலைக்காட்டுச் செடி. பகல் வெயில கூட நிழல் வலை கட்டி சமாளிச்சுரலாம், ராத்திரி புழுக்கம்தான் வில்லங்கம். இந்த மாதிரி செடிக பகல்ல இலைத்துளைய மூடி வச்சுக்கிட்டு ராத்திரி குளிர்ந்த பெறகுதான் திறந்து காத்தை இழுக்கும், மே மாச ராத்திரியில நமக்கே தூக்கம் வரல அது எங்கிட்டு மூச்சு விடுறது. பத்து மணிப் பூ வைங்க, வெயிலு ஏற ஏறத்தான் பூக்கும். ஜேடுன்னு விக்கிற சின்ன இலை போர்ட்டுலகாரியாவும் தாங்கும், நடுவுல நாலு கணு பிரண்டை சொருகுனா அது பாட்டுக்கு தொங்கும், துவையலுக்கும் ஆச்சு.

ஆனையூர்_செடி:
பேர்ல்ஸ் வரவே வராதுன்னு சொல்ல முடியாது, கிழக்கு ஜன்னல் பக்கம் காலை வெயில் மட்டும் படுற மாதிரி இருந்தா வரும். உங்க மேற்குக்கு வேணாம்.

மண்ணு பாதி செம்மண், பாதி கொரகொர மணலும் பொடிச்ச செங்கலும். எம் சாண்ட்னா தூசு போக அலசிட்டுப் போடுங்க, இல்லன்னா சிமெண்ட் மாதிரி இறுகிரும். கோகோபீட் (தென்னைநார்க் கழிவுத் தூள்) நிறையா போட்டா மேல காஞ்சாலும் உள்ள ஈரம் நிக்கும், வேரு அழுகுறது அதுலதான். கூடைக்குப் பக்கவாட்டுல நாரைக் கீறி குச்சிகளச் சொருகுங்க, அப்பத்தான் கீழ வரைக்கும் மூடும். வெட்டுன குச்சிய 2, 3 நாள் நிழல்ல போட்டு வெட்டுவாய் காஞ்ச பெறகு நடணும். அந்தக் கூடை தண்ணி குடிச்சா 7 கிலோ கிட்ட வரும், அதனால சும்மா ஆணியெல்லாம் ஆகாது, சீலிங்ல ஓட்டை போட்டு இறுக்குற ஆங்கர் போல்ட் வேணும். வீட்டுக்காரர் அதுக்கு விடலைன்னா கிரில் கம்பியிலயே எஸ் கொக்கி மாட்டிருங்க.

திருநகர்_மாடி:
கிரில் ஐடியா சூப்பர். தண்ணி தினமும் ஊத்தணுமா?

பிரண்டைப்பிரியன்:
தினமும்லாம் வேணாம்க்கா. வெரல விட்டுப் பாருங்க, ரெண்டு இஞ்ச் காஞ்சிருந்தா அடியில ஒழுகுற வரைக்கும் ஊத்திட்டு விட்டுரணும். நார்க்கூடை சீக்கிரம் காயும், அதுனால கோடையில அடிக்கடி கேக்கும், அதுவும் சாயங்காலம் ஊத்துங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு சாரல் படாத பக்கம் மாத்தி மாட்டுங்க.

ஆனையூர்_செடி:
கணு இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி தெரிஞ்சா மாவுப்பூச்சி. ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி, வெயில் எறங்குன பெறகு அடிங்க.