குளிர்ப் பருவப் புல்வெளிக்கு வருடத்தில் எப்போது, எவ்வளவு உரம்?

பசுந்தரை:
முக்கால் பங்கு டால் ஃபெஸ்க்யூ, கால் பங்கு கென்டக்கி புளூகிராஸ் கலந்த புல்வெளி, 180 சதுர மீட்டர். களித்தன்மை கூடிய மண், நாள் முழுக்க வெயில். கையில் இருப்பது 24-0-10 குருணை உரம், அதாவது எடையில் 24 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து இல்லை, 10 சதவீதம் சாம்பல் சத்து. தழைச்சத்தில் 40 சதவீதம் மெதுவாகக் கரையும் வகை. பனி விலகியதும் தொடங்கி வருடத்துக்கு நாலு தவணை என்று மூட்டையில் அட்டவணை போட்டிருக்கிறது. அப்படியே போட்டால் வசந்தத்தில் வாரம் இரண்டு தடவை வெட்ட வேண்டியிருக்கிறது, கோடையில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டு விழுகிறது. அளவில் தப்பா, நேரத்தில் தப்பா? வருடம் முழுக்க எப்படிப் பிரித்துப் போடுவது?

வேரடி:
நேரத்தில்தான் தப்பு. இந்த வகைப் புல்லுக்கு வருடக் கணக்கு வசந்தத்தில் தொடங்குவதில்லை. கோடை தணியும்போது தொடங்குகிறது.

மண் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது வேர் நன்றாக ஓடும். வசந்தத்தில் மண் அந்தச் சூட்டைத் தொடும்போதே இலையும் கிளம்பிவிடும். அந்த நேரம் பார்த்து சட்டென்று கரையும் தழைச்சத்தைப் போட்டால், வேருக்குப் போக வேண்டியதும் அடித்தண்டில் சேர்த்து வைத்திருப்பதும் இலையாகவே வெளியே வந்துவிடும். நீங்கள் வாரம் இரண்டு தடவை வெட்டிப் போடுவது அந்தச் சேமிப்பைத்தான். கோடை வரும்போது வேர் குட்டை, கையிருப்பும் இல்லை.

பழுப்பு வட்டத்தைப் போய்ப் பாருங்கள். திட்டின் ஓரத்தில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் ஒரு புண், அதைச் சுற்றி அடர்பழுப்பில் மெல்லிய கரை தெரிகிறதா? அப்படியானால் பிரவுன் பேட்ச் பூஞ்சை. இரவிலும் சூடு 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இலை ஈரமும் காயாமல் இருக்கும் நாட்களில், தழைச்சத்து ஏறிய டால் ஃபெஸ்க்யூவில் வேகமாகப் பரவும். புல்லைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் பாய் மாதிரி சுருண்டு வருகிறது என்றால் அது வேறு கதை, அடியில் வேரைத் தின்னும் வண்டுப்புழு.

இனி அளவு. உங்கள் கலவைக்கு வருடத்துக்கு சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிராம் தழைச்சத்து போதும். ஒரே தவணையில் 5 கிராமைத் தாண்ட வேண்டாம்.

கோடை வெப்பம் உடைந்து இரவு குளிரத் தொடங்கியதும் 5 கிராம். உங்கள் இடத்துக்கு மொத்தம் 900 கிராம் தழைச்சத்து, அதாவது 24-0-10 உரம் 3.75 கிலோ. வருடத்தில் ஒரே ஒரு தவணைதான் போட முடியும் என்றால் அது இதுதான். கோடையில் அடிவாங்கிய புல் பக்கக் கிளைப்பு விட்டு அடர்வதும் புது வேர் இறக்குவதும் இப்போதுதான்.

ஐந்தாறு வாரம் கழித்து 3 முதல் 4 கிராம்.

அடுத்தது வசந்தத்தின் கடைசியில், முதல் வேகம் அடங்கிய பிறகு, 3 முதல் 4 கிராம். அந்தத் தவணைக்குப் பாதிக்கு மேல் மெதுவாகக் கரையும் உரம் கிடைத்தால் நல்லது. கடுங்கோடையில் ஒன்றும் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் பழுத்து உறங்கும் புல்லுக்கு உரம் போட்டு எழுப்பவே கூடாது.

வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விடுகிறீர்கள் என்றால் மொத்தத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் தழைச்சத்து மண்ணுக்கே திரும்புகிறது.

மண்கட்டி:
வேரடி சொன்ன இரண்டாம் தவணையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'வெட்டுவது நின்ற பிறகு, பனி விழும் முன் ஒரு கனமான தவணை' என்று பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மண் அவ்வளவு குளிர்ந்த பிறகு வேர் எடுத்துக்கொள்வது குறைவு. எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாக மழையோடும் பனி உருகும் நீரோடும் கீழே இறங்கிவிடும். மணல் பாங்கான மண்ணில் இன்னும் மோசம். எனவே புல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, ஓரிரு வெட்டு பாக்கி இருக்கும்போதே கடைசித் தவணையை முடித்துவிடுங்கள். அதற்கு யூரியா போன்ற வேகமான வகையே பொருத்தம். குளிரில் மெதுவகை உரம் கரையாமல் கிடக்கும். சதுர மீட்டருக்கு 3 கிராம் என்றால் 180 சதுர மீட்டருக்கு யூரியா ஏறக்குறைய 1.2 கிலோ. உறைந்த தரையில் மட்டும் எந்த உரமும் போடாதீர்கள், அவ்வளவும் ஓடைக்குத்தான் போகும்.

யூரியாவைத் தூவி வெறுமனே விட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். அன்றைக்கே 6 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். தூவும்போது மட்டும் இலை காய்ந்திருக்க வேண்டும். ஈர இலையில் ஒட்டும் குருணை அந்த இடத்திலேயே கரைந்து கருக்கிவிடும்.

கதிர்:
அளவு சரியாக இருந்தும் வரிவரியாகப் பச்சையும் வெளுப்புமாகத் தெரிகிற புல்வெளி நிறைய. கோளாறு தூவும் வண்டியில். மூட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பி வண்டியைத் திருகாதீர்கள். ஒரே எண்ணில் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு அளவில் கொட்டும்.

நேராகக் கீழே கொட்டும் வகை, அகலம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளினால் 10 சதுர மீட்டர். உங்கள் 24-0-10 உரம் சதுர மீட்டருக்கு 20.8 கிராம் விழ வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை போட வேண்டும் என்பதால் ஒரு நடைக்கு 10 சதுர மீட்டரில் 104 கிராம். உரத்தை எடை போட்டு ஊற்றி, தார்ப்பாய் மேல் அந்த நீளம் தள்ளி, மிச்சத்தை மறுபடி எடை போடுங்கள். 104 கிராம் குறையும்வரை திறப்பைத் திருத்துங்கள். நடையின் வேகம் மாறினால் அளவும் மாறும், புல்லில் நடக்கும் அதே வேகத்தில் நடக்கவும்.

வண்டியைப் புல் மேல் நிறுத்தி நிரப்ப வேண்டாம். சிந்தினால் அந்த இடம் கைப்பிடி அகலத்துக்கு எரிந்து நிற்கும். நடைபாதையில் விழுந்த குருணையைத் துடைப்பத்தால் புல்லுக்கே பெருக்கிவிடுங்கள்.

பசுந்தரை:
தெளிவாகிவிட்டது, நன்றி. ஆனால் வசந்தத் தொடக்கத்தில் உரமே இல்லை என்றால் புல் வெளுத்து நிற்குமே? நடுவில் பூஜ்யம் இருக்கிற உரம் போதுமா?

வேரடி:
இலையுதிர் காலத்தில் சரியாகப் போட்டிருந்தால் வசந்தத்தில் தானாகவே பச்சை ஏறும். வெளுத்தால் எந்த இலை என்று பாருங்கள். கீழே இருக்கும் முதிர்ந்த இலை நுனியிலிருந்து மஞ்சளாகி வந்தால் தழைச்சத்துக் குறை. புது இலையில் நரம்பு பச்சையாக, இடைவெளி மட்டும் மஞ்சளாக இருந்தால் இரும்புக் குறை; காரத்தன்மை கூடிய மண்ணில் வரும். அதற்கு 100 சதுர மீட்டருக்கு 60 கிராம் ஃபெரஸ் சல்பேட்டை 12 முதல் 20 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் ஓரிரு நாளில் நிறம் வரும், வெட்டும் வேலையும் கூடாது. சிமென்ட்டில் பட்டால் துருக்கறை போகாது, உடனே கழுவிவிடுங்கள்.

நடுவில் இருக்கும் பூஜ்யம் மணிச்சத்து. வளர்ந்த புல்வெளியில் பெரும்பாலும் மண்ணில் இருப்பதே போதும். புதிதாக விதை தூவும்போதுதான் அது முக்கியம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்து, குறைவு என்று வந்தால் மட்டும் போடுங்கள். அதே பரிசோதனையில் மண்ணின் பி.எச். எண்ணும் தெரியும். 6-க்குக் கீழே போயிருந்தால், அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யும்வரை உரத்தின் முழுப்பலனும் கிடைக்காது.