பொருள்: முட்டைக் கோதில் உலோகம் ஏற்றுவதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கு முன்)

வெள்ளவத்தையிலிருந்து, திங்கள் இரவு

அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒரு கையேட்டின் தமிழ்ப் பிரதியைக் கொடுத்தாக வேண்டும். சுயதொழில் தொடங்க விரும்பும் பெண்களுக்காகக் கொழும்பில் நடக்கும் வகுப்பு அது. கோழி முட்டையை அல்லது தாரா முட்டையை இரு முனையிலும் துளைத்து ஊதி வெறுமையாக்கி, கழுவிக் காயவைத்து, கோதின் மேல் மின்சாரத்தால் செப்பு ஏற்றி, கடைசியில் வெள்ளியோ பொன்னோ கொடுத்து அலங்காரப் பொருளாக்குவதுதான் பாடம். சிங்களப் பிரதியில் 'வித்யுத் லோஹாலேபனய' என்று ஒரே தொடரில் முடித்துவிட்டார்கள். நானும் நம் பாடநூலின் 'மின்முலாமிடல்' என்ற சொல்லோடு தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். சனிக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அரக்கு வார்னிஷ் பூசி, அதன் மேல் காரீயத் தூள் தேய்த்த முட்டை பழைய சிலேட்டைப்போலச் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி நீலக் கரைசலுக்குள் இறக்கினார்கள். கம்பி தொட்ட இடத்தில் முதலில் ஒரு ரோசாப் புள்ளி. பிறகு அது மெல்ல மெல்ல விளிம்பு நகர்ந்து, சாம்பல் நிறத்தைத் தின்றுகொண்டே முட்டையைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்த பிறகு 'பூசுதல்' என்று எழுதக் கை வரவில்லை. யாரும் அங்கே எதையும் பூசவில்லை. உலோகம் தானாக வளர்கிறது. வளர்ந்து முடிந்ததும் உள்ளே இருக்கும் கோதை நொறுக்கினாலும் செப்பு முட்டை வடிவிலேயே நிற்கும். ஆங்கிலத்தில் மெல்லிய பூச்சுக்கு ஒரு சொல், இப்படித் தனித்து நிற்கும் உடலுக்கு வேறு சொல்.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். செய்கைக்கு ஒன்று, செய்து முடித்த பொருளுக்கு ஒன்று.

கொட்டாஞ்சேனையிலிருந்து, திங்கள் நள்ளிரவு

தங்கச்சி, முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுச்சொல் தேவையில்லை. எதிர்முனையான கதோட்டில் உலோகம் படிகிறது, நேர்முனையான அனோட்டில் செப்புக் கரைகிறது. 1838இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் யாகோபி என்ற விஞ்ஞானி அச்சின் மேல் செப்பை வளர்த்து எடுத்தபோதும் இதேதான் நடந்தது, வளையலுக்குத் தங்கம் கொடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. தடிப்பு மட்டும்தான் வித்தியாசம்.

எவ்வளவு தடிப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோழி முட்டையின் மேற்பரப்பு ஏறத்தாழ 70 சதுர சென்ரிமீற்றர். அதன் மேல் 0.1 மில்லிமீற்றர் செப்பு என்றால் 6.3 கிராம் வரை வரும். 1 அம்பியர் 1 மணி நேரம் ஓடினால் 1.19 கிராம் செப்புப் படியும். ஆகவே 5.3 அம்பியர் மணி தேவை. 1.4 அம்பியர் வைத்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடைசியில் கொடுக்கும் பொன்னோ அரை மைக்ரோமீற்றர் இருந்தால் கண்ணுக்குப் போதும். அதாவது செப்பு, பொன்னைவிட 200 மடங்கு தடிப்பு.

இதை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு தயக்கம் வந்துவிட்டது. 200 மடங்கு என்பது சின்ன வித்தியாசம் இல்லை. மேலே சொன்னதை மீளப் பெறவில்லை, ஆனால் மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். கோது கல்சியம் காபனேற்று. கரைசலில் சல்பூரிக்கமிலம் இருக்கிறது. வார்னிஷில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அமிலம் உள்ளே போய்க் கோதைத் தின்னும், குமிழி வரும், அந்த இடத்தில் செப்புப் பிடிக்காது.

பம்பலப்பிட்டியிலிருந்து, செவ்வாய் காலை

மகளே, 'மின்முலாமிடல்' என்பதில் தமிழ் 'மின்'னும் 'இடல்'லும்தான். நடுவில் இருக்கும் முலாம் உருது வழியாக வந்த அரபுச் சொல். நம்மிடம் சொல் இல்லாமல் இருந்தால் சரி, வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இருக்கிறதே! தில்லையம்பலத்துக்குப் பராந்தகன் பொன் வேய்ந்தான் என்றுதான் பத்தாம் நூற்றாண்டிலிருந்து சொல்லி வருகிறோம். முலாம் போட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேய்தல் என்றால் மேலிருந்து மூடுதல், சூடுதல். பூ வேய்ந்த கூந்தல் என்றும் வரும். 'உலோகம் வேய்தல்' என்று செய்கையைச் சொல்லுங்கள். பொருளுக்கு 'வேய்முட்டை'. ஐந்தெழுத்து, நல்ல ஓசை, வேற்றுச் சரக்கு ஒன்றும் இல்லை.

மருதானையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா சொன்னது சரிதான், முலாம் அரபு வேர் உடையது. மின்னுதல், பளபளத்தல் என்ற பொருளில் வரும் வேர் அது. 'முலம்மஃ' என்றால் மினுங்கச் செய்யப்பட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வரி அரபு, ஒரு வரி பாரசீகம் என்று இரு மொழி கலந்து பாடும் கவிதைக்கும் முலம்மஃ என்றே பெயர். பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் முதல் கஸல் அரபு அடியில்தான் தொடங்குகிறது. அரபுத்தமிழில் ஓதி வளர்ந்த எங்களுக்கு இது மிகவும் பக்கத்தில் உள்ள விடயம். இரண்டு பொருள் சேர்ந்து ஒன்று மினுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

தொல்காப்பியரும் வடசொல்லை எழுத்தைத் திருத்தி உள்ளே விட்டவர்தானே. முலாம் எப்போதோ திருந்தி வந்துவிட்டது. என் உம்மா வெள்ளிக் கொலுசைப் பார்த்து 'முலாம் போயிட்டு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் புழங்கும் சொல்லை வெளியே போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெஹிவளையிலிருந்து, செவ்வாய் மாலை

நானா சொன்னதை வழிமொழிகிறேன். பம்பலப்பிட்டி ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. எங்கள் பக்கத்தில் வேய்தல் என்றவுடன் கிடுகுதான் கண்ணுக்கு வரும். 'மழைக்கு முதல் வீடு வேய வேணும்' என்று அம்மம்மா சொல்வார். கிடுகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது. தில்லைக் கூரையிலும் பொற்றகடுகளைத்தான் அடித்துப் பொருத்தினார்கள். இங்கே தகடும் இல்லை, அடுக்கும் இல்லை, பொருத்தும் இல்லை.

அடுத்தது, 'மின்' என்ற முன்னொட்டு. மின்னஞ்சல், மின்னூல் எல்லாம் வந்த பிறகு யாராவது 'மின்முட்டை' என்று எழுதினால் கணினித் திரையில் வரும் முட்டை என்றுதான் பிள்ளைகள் நினைக்கும். 'மின்னுருவாக்கம்' இன்னும் மோசம், அது பழைய ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவதற்கு ஆகிவிட்டது.

முக்கியமானது இது. அக்கா, உங்கள் கையேட்டில் 'காரீயம்' என்று இருக்கிறது. நமக்கு அது போகலையிலும் ககட்டகஹவிலும் தோண்டும் கரிப் பொருள், பென்சிலுக்குள் இருப்பது. ஆனால் பேரகராதியைப் பார்த்தால் காரீயம் என்பது ஈயம், வெள்ளீயத்துக்கு எதிர்ச்சொல். ஒரு பெண் கடைக்குப் போய் ஈயத் தூள் கேட்டு வாங்கி வந்தால்? அது நஞ்சு. 'பென்சிற்கரித் தூள்' என்று போடுங்கள். முட்டைக்குச் சொல் தேடுவதைவிட இது அவசரம்.

வெள்ளவத்தையிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, இதற்கு மிகவும் நன்றி. எட்டு இடத்தில் மாற்றிவிட்டேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

சென்னையிலிருந்து, புதன் காலை

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பில் உள்ள 'கோது' எங்களுக்குப் புரியவில்லை என்பதைத் தெரிவிக்கிறேன். இங்கே கோது என்றால் புளியில் எடுத்துப் போடும் நார், கரும்பு பிழிந்த சக்கை. முட்டைக்கு 'ஓடு' என்போம். 'கோதில்லாத' என்றால் குற்றமில்லாத என்று பதிகம் படித்தவர்களுக்குத் தெரியும். விற்பனைக்கு வைக்கும் அலங்காரப் பொருளின் பெயரில் குற்றம், சக்கை என்ற பொருள் வரலாமா? ஓடு என்று வைத்தால் இரு கரைக்கும் புரியும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, புதன் காலை

ஓடு என்றால் இங்கே வீட்டுக் கூரை ஓடு, ஆமை ஓடு. இந்தக் கையேடு படிப்பவர்கள் கொழும்புப் பெண்கள். அவர்கள் தினமும் குப்பைக் கூடையில் போடுவது முட்டைக் கோது. அதை மாற்ற வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து, புதன் மாலை

கோதும் வேண்டாம், ஓடும் வேண்டாம். வெறுமையான முட்டைக்கென்றே நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: குடம்பை. 'குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே' என்ற குறளைப் பாருங்கள். உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லும் இடம். குடம்பை என்றால் கூடு என்று சொல்வாரும் உண்டு. பரிமேலழகர் அதை மறுக்கிறார். கூடு பறவையோடு கூடப் பிறப்பதில்லை, பறந்த பறவை கூட்டுக்குத் திரும்பியும் வரும். முட்டைக்குள் மீண்டும் புக முடியாது. ஆகவே முட்டைதான் என்கிறார். பறவை போன பின் தனித்துக் கிடக்கும் கோதுக்கு இதைவிடச் சொல் வேண்டுமா? 'பொற்குடம்பை'. சொல்லிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து (தமிழ் படிப்பிப்பவர்), புதன் இரவு

ஐயா, பரிமேலழகர் வாதம் அழகானது, வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அதை நிறுத்திச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் இங்கே பறவை பறக்கவில்லை. கருவை ஊதி வெளியே எடுத்து, பெரும்பாலும் அன்றைக்கே பொரித்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்தக் குறளின் துக்கத்தை இதன் மேல் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. வார்ப்பு வேலையில் அச்சுக்கும் 'கரு' என்ற பெயர் உண்டு. இங்கே கரு போன பிறகு கோதே உலோகத்துக்குக் கருவாக நிற்கிறது. அந்தப் பக்கம் யோசித்தால் ஏதாவது கிடைக்கலாம். 'கருவேற்றம்' என்று எழுதிப் பார்த்தேன், திருப்தி இல்லை. 'மின்வார்ப்பு' என்றும் சொல்ல முடியாது, இங்கே எதையும் உருக்கி வார்க்கவில்லை.

செட்டியார் தெருவிலிருந்து, வியாழன் காலை

நான் இதில் எழுதுவதில்லை, வாசிப்பது மட்டும்தான். பட்டறையில் நாங்கள் கதைப்பதைச் சொல்கிறேன். 'செப்பு ஏத்துறது, நிக்கல் ஏத்துறது, கடைசியில தங்கம் குடுக்கிறது.' தடிப்பாக வருவதற்கு ஏத்துறது. நிறத்துக்காகக் கொடுப்பது முலாம். இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டோம்.

வெறும் கோது கரைசலில் மிதக்கும் என்பதையும் எழுதுங்கள். முட்டை இடம்பெயர்க்கும் கரைசல் 50 கிராமுக்கு மேல், கோதின் எடை ஆறு கிராம் அளவுதான். நாங்கள் உள்ளே மெழுகும், மீன் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றும் வைத்து அடைப்போம். முதலில் மின்சாரத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் துளை ஓரத்தில் செப்பு மணி மணியாகக் கிளம்பிவிடும், பிறகு அராவ வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் மதியம்

அண்ணை, நாலு நாளாகத் தேடியது உங்கள் பட்டறையில் இருந்திருக்கிறது. 'உலோகமேற்றல்'. செப்புக்கு 'செப்பேற்றல்'. கடைசி மெல்லிய படைக்கு மட்டும் 'முலாமிடல்'. இப்படி எழுதினால் நானாவின் சொல்லும் போகவில்லை, 200 மடங்கு வித்தியாசமும் தெரிகிறது. யாருக்காவது தடை இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து (இரசாயனவியல் படிப்பித்தவர்), வியாழன் மாலை

ஒரு தடை உண்டு. பாடநூலில் 'ஏற்றம்' என்றால் மின்னேற்றம். செப்பு அயனுக்கு நேர் ஏற்றம் என்று ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் செப்பேற்றல் என்றால் பிள்ளை குழம்பும். 'மின்' சேர்த்து 'மின்னேற்றல்' என்று மட்டும் எந்த இடத்திலும் வந்துவிடக் கூடாது, அது மின்கலத்துக்குச் செய்வது. 'உலோகம்' என்ற சொல் எப்போதும் முன்னால் நிற்கும் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். பொன் கரைசலில் சயனைட்டு இருக்கும், அந்தப் படியை வீட்டில் செய்யவே கூடாது, பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் இரவு

போட்டுவிட்டேன், முதல் பக்கத்திலேயே.

செய்கைக்கு 'உலோகமேற்றல்'. ஐந்து பேர் சரி என்றார்கள், இருவர் மௌனம், பம்பலப்பிட்டி ஐயா இல்லை என்றார். பொருளுக்கு ஒரு சொல்லும் ஒத்துவரவில்லை. 'உலோகக் கோது முட்டை' என்று நீட்டி எழுதியிருக்கிறேன். சென்னை அன்பருக்காகச் சொல்லடைவில் 'கோது - ஓடு' என்று ஒரு வரி சேர்த்தேன். காலையில் பிரதி போகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து, வெள்ளி அதிகாலை

மகளே, உங்கள் அவசரம் விளங்குகிறது. என் மறுப்பை விலக்கிக்கொள்ளவில்லை. ஏற்றுவது என்றால் பாரம் ஏற்றுவது, லொறியில் மூட்டை ஏற்றுவது. ஆறு கிராம் கோதின் மேல் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று மாலை செட்டியார் தெருவுக்குப் போய் அந்தப் பட்டறையில் ஒரு முட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கோதின் மேல் இருந்த சிறு சிறு புள்ளிக்குழிகூடச் செப்பில் அப்படியே தெரிந்தது. இன்னும் பளபளப்பாக்கவில்லை, அதனால்தான் தெரிகிறது, மினுக்கினால் போய்விடும் என்றார். மினுக்க வேண்டாம் என்று சொல்லி அதையே வாங்கி வந்தேன். மேசையில் இருக்கிறது.

கையேட்டின் அடுத்த பதிப்பு எப்போது என்று தெரிந்தால் எழுதுங்கள். பொருளுக்கான சொல் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது.