பறவையை விழவைத்து ரூன் சேர்ப்பது போங்கு ஆட்டமா?

கோடம்பாக்கம்_வாள்: என் நண்பன் எல்டன் ரிங் வீடியோ கேமில் 150-ஆவது லெவலைத் தொட்டுவிட்டான். மோக்வின் அரண்மனைப் பக்கம் நின்று, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராட்சதப் பறவை மீது ஓர் அம்பு. அது ஓடிவந்து பள்ளத்தில் விழுந்து சாகிறது. லெவல் ஏற்றச் செலவிடும் ரூன் சுமார் 11,000 கிடைக்கிறது. கிரேஸ் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்து எழுந்தால் பறவை மறுபடி அங்கேயே நிற்கிறது. ராத்திரி முழுக்க இதே வேலை. எனக்கு இது அழுகுணி ஆட்டமாகத்தான் தெரிகிறது.

சிறுசேரி_ஷிஃப்ட்: நானும் அந்தப் பறவையை அடித்தவன்தான். ஷிஃப்ட் முடிந்து வீடு வரக் காலை ஏழாகிறது. ஆட ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிசு. மலேனியா என்ற கடினமான எதிரியிடம் நாற்பது தடவை செத்த பிறகுதான் அம்பை எடுத்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரம்பூர்_பொறுமை: நஷ்டம் உங்களுக்குத்தான் தம்பி, பட்டவன் சொல்கிறேன். ஸ்கைரிம் என்ற இன்னொரு கேமில் ரெஸ்டோரேஷன் மந்திரத்தைக் கூட்டும் மருந்தைக் குடித்துவிட்டு, ஆல்கெமி (மருந்து காய்ச்சும்) திறனைக் கூட்டும் மோதிரத்தைக் கழற்றி மாட்டினால் அதன் சக்தி ஏறும். அதைப் போட்டுக்கொண்டு காய்ச்சும் அடுத்த மருந்து இன்னும் வீரியமாக இருக்கும். குடி, கழற்று, மாட்டு, காய்ச்சு. அரை மணி நேரத்தில், அந்த மருந்துகளின் பலத்தில் என் வாளின் தாக்கும் எண் திரையில் அடங்கவில்லை. அதுவரை டிராகன் சத்தம் கேட்டாலே பாறை தேடி ஓடுவேன். அன்று ஒரே வெட்டில் விழுந்தது. எண்பது மணி நேரம் ஆடிய ஆட்டத்தை அதற்கப்புறம் நான் திறக்கவே இல்லை.

சிறுசேரி_ஷிஃப்ட்: உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணா. ஆனால் மருந்து விஷயம் அந்த கேமின் கணக்குப் பிழை. பறவை விழுவது அப்படியில்லை, பள்ளம் இருக்கிறது, விழுகிறது. அதே ஸ்கைரிமில் கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திருடலாமே? கண் மறைந்தால் பார்க்க முடியாது என்பது ஆட்டத்தின் விதி. அதைக் கண்டுபிடித்தவனுக்கு மூளை இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

கோடம்பாக்கம்_வாள்: அந்த 150-ஐ வைத்துக்கொண்டு அடுத்தவன் ஆட்டத்துக்குள் சண்டைக்குப் போனால்?

சிறுசேரி_ஷிஃப்ட்: லெவல் பார்த்துத்தானே ஆளைக் கோத்துவிடுகிறது? 30-இல் இருப்பவனிடம் என்னை அனுப்பாது.

ராயபுரம்_மாயாவி: தனியாக ஆடுபவர் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும். கூட்டாக ஆடும்போதுதான் எனக்கு வலித்தது. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமில் நாங்கள் நாலு பேர். ஒரு பெரிய சண்டைக்காக இரண்டு வாரம் மந்திரங்களைச் சேமித்தோம். ஒருவன் மட்டும் எங்களிடம் சொல்லாமல், பேச்சு தொடங்கும் முன்பே எதிரியைச் சுற்றி வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கிவிட்டான். ஒரு தீ அம்பு, எல்லாம் முடிந்தது. மற்ற மூவருக்கும் ஆட ஒரு வாய்ப்புகூட வரவில்லை. பீப்பாய் அடுக்குவது தப்பே இல்லை, எங்களைக் கேட்டிருக்கலாம். தெருவில் கிரிக்கெட் ஆடும்போதுகூட மாடிக்கு அடித்தால் அவுட்டா என்று முதலிலேயே பேசிக்கொள்கிறோமே!

சிறுசேரி_ஷிஃப்ட்: இதை ஒத்துக்கொள்கிறேன். கூட ஆடுபவர்களின் ஆட்டத்தை அவர் பறித்துவிட்டார்.

கோடம்பாக்கம்_வாள்: நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மலேனியாவை அடுத்த நாற்பது தடவையில் ஜெயித்திருப்பீர்கள் நண்பா. அந்தப் பறவை உங்களிடமிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டது.